கறையக்காவின் நீல ஸ்வெட்டர்

கட்டில் மேல் மூன்று குவியல்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் கறையக்கா தன் அலமாரியின் நான்கு தட்டுகளையும் கிட்டத்தட்ட காலி செய்திருந்தார். முதல் குவியல், தேயும்வரை உபயோகிக்க வேண்டியவை. இரண்டாவது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டியவை. மூன்றாவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதில் ஓர் இறகுத் தலையணை மட்டும் கிடந்தது.

கறையக்கா என்பது சலவை நிலையத்தில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடங்களாக அங்கே கறை நீக்கும் மேசை அவருடையது. மை, ரத்தம், துரு, காப்பி, உதட்டுச் சாயம் என்று எது பட்டிருந்தாலும் துணி முதலில் அவர் கைக்குத்தான் வரும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை தேய்ப்பார். பருத்தியா, பட்டா, கம்பளியா, செயற்கை இழையா என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுவார். கம்பளி, முடி கருகும் வாசனையோடு எரிந்து பொடியாக உதிரும். செயற்கை இழை உருகிக் கறுப்பு மணியாக இறுகும். துணி எதுவென்று தெரியாமல் மருந்து வைத்தால் கறையோடு துணியும் போய்விடும். அதனால் இந்தச் சோதனை. காலரில் தைத்திருக்கும் லேபிளை அவர் படிப்பதே இல்லை.

எல்லாம் தொடங்கியது ஐந்து வாரங்களுக்கு முன். தங்கும் விடுதி ஒன்றிலிருந்து வந்த இறகு அடைத்த போர்வை மூன்றாம் எந்திரத்துக்குள் கிழிந்தது. கறையக்கா எந்திரத்தை நிறுத்தி, உருளைக்குள் தலையை விட்டு, மதியம் முழுக்க ஈர இறகுகளைப் பொறுக்கினார். மற்றவர்களுக்கு அது சிரிப்பு. இஸ்திரி போடுபவர் எட்டிப் பார்த்து, “அக்கா, உள்ள முட்டை இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க” என்றார். கறையக்காவும் சிரித்தார். பிறகு நான்கைந்து இறகுகளின் அடிக்காம்பில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். அந்தப் பழுப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். குளிர்ந்த நீரும் உப்பும் வைத்து வருடக்கணக்காக எடுத்துவந்த கறைதான். பழைய ரத்தம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இறகைப் பிடுங்கும்போது பறவைக்கு உயிர் இருக்குமா?”

மகள் போனில் தேடிப் பார்த்தாள். “சில இடத்துல இருக்குமாம்மா.”

அன்றோடு இறைச்சி நின்றது. இரண்டு வாரத்தில் பாலும் முட்டையும் நின்றன. தேனும் போனது. வீட்டில் யாரையும் அவர் வற்புறுத்தவில்லை. கணவர் தன் டீக்குப் பாலைத் தானே காய்ச்சிக்கொண்டார். அதைக் குடிக்கும்போது மட்டும், திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருப்பவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாயை மாற்றிக்கொள்வது சுலபமாக இருந்தது. அலமாரிதான் சிக்கல். உள்ளே போட்டதை வயிறு மறந்துவிடும். அலமாரி அப்படியே வைத்திருக்கும்.

“இந்த ஷூ எதுக்கும்மா முதல் குவியல்ல இருக்கு? தோல்தானே?” மகளுக்கு இருபது வயது. சட்டம் படிக்கிறாள்.

“தோல்தான். போன வருஷம் வாங்கினது. அடி இன்னும் தேயல. தூக்கிப் போட்டா அந்த மாடு ரெண்டாவது தடவையும் வீணாப் போகும்.”

“அப்ப கைப்பை மட்டும் ஏன் ரெண்டாவதுல?”

“ஷூ காலுக்குக் கீழ இருக்கு, மறந்துடறேன். பை தோள்ல உரசுது.”

“இது என்ன சட்டம்மா?”

“சட்டம் நீ படி. நான் அலமாரி ஒழிக்கறேன்.”

கணவர் டீ டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தார். “என் ஷேவிங் பிரஷ் எந்தக் குவியல்? பன்றி முடியாமே அது.”

“அது என் கணக்குல வராது. உங்க முகம், உங்க பன்றி.”

மகள் சிரித்துக்கொண்டே குனிந்து அடித்தட்டைப் பார்த்தாள். பருத்தித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் இன்னும் அங்கேயே இருந்தது. இழுத்துப் பிரித்தாள். நீல ஸ்வெட்டர்.

“இதை விட்டுட்டியேம்மா.”

“அது இருக்கட்டும்.”

“கம்பளிச் சால்வை ரெண்டாவதுக்குப் போச்சு. என் பழைய கம்பளித் தொப்பி போச்சு. இது மட்டும் இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்னேன்ல.”

அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதை மறுபடி சுற்றி வைத்தாள். கணவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். “ட்யூட்டிக்கு நேரமாச்சு” என்று கிளம்பினார். ட்யூட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவர் ரயில்வேயில் கேட் கீப்பர். ஊருக்கு வெளியே, தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடத்தில் ஒற்றை அறை. ரயில் வரும்போது கேட்டை மூட வேண்டும், போனதும் திறக்க வேண்டும். நடுவில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது படிக்கக் கூடாது, ரேடியோ கேட்கக் கூடாது, தூங்கவே கூடாது. பின்னல் ஊசி பற்றி விதிப்புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. எந்தக் கேட் கீப்பரும் ஸ்வெட்டர் பின்னுவார் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

பதினொரு வருடங்களுக்கு முந்தைய குளிர்காலம் அது. கறையக்காவுக்கு விடிகாலை ஷிஃப்ட். நீராவிக்குள் வெந்துவிட்டு வெளியே வந்ததும் குளிர் காற்று நெஞ்சில் இறங்கியது. இருமல் விடவே இல்லை. கணவர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். அப்போது ஒன்பது வயதாக இருந்த மகளுக்குப் பள்ளியில் கைவேலை வகுப்பில் பின்னல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளைப் பிடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டார். அவள் கண்டிப்பான வாத்தியார். “அப்பா, ஒரு கண்ணி விட்டுட்டீங்க, முதல்லேர்ந்து” என்பாள். அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். விடுமுறை நாளில் ரயிலேறி அடுத்த ஊருக்குப் போய் நூல் வாங்கி வந்தார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ரகசியம் போய்விடும். துணியைத் தொட்டால் ஜாதகமே சொல்லும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் வாயை நம்பி நூல் வாங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

நான்கு மாதம் ஆனது. ஒருநாள் இன்ஸ்பெக்டர் திடீரென்று வந்து, மேசை மேல் கிடந்த நீலத்தைப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“கம்பளி சார்.”

“அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?”

“முதுகு முடிஞ்சுது சார். கைதான் பாக்கி.”

இன்ஸ்பெக்டர் எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

முடித்த அன்று அவரே அதை மனைவிக்குப் போட்டுவிட்டார். “சுத்தக் கம்பளி. ஆட்டோட முதுகுலேர்ந்து நேரா உன் முதுகுக்கு” என்றார். கறையக்காவின் விரல்கள் தாமாகவே முன்பக்க ஓரத்தை ஒருமுறை தேய்த்துப் பார்த்தன. சொல்ல வாயைத் திறந்தார். எதிரே கணவர் முகமும், அவர் தோளுக்குப் பின்னால் மகளின் முகமும் இருந்தன. “கதகதப்பா இருக்குங்க” என்றார். அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஸ்வெட்டரில் ஓர் இழைகூடக் கம்பளி கிடையாது.

அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும், ஸ்வெட்டர் மாட்டியிருக்கும் பக்கம் கணவர் பேச்சைத் திருப்பிவிடுவார். “நானே பின்னினது. சுத்தக் கம்பளி.” வேறு எதைப் பற்றியும் அவர் பெருமை பேசியதில்லை. பதவி உயர்வு வந்ததை வீட்டில் சொல்லவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டவர்.

இப்போது கறையக்காவின் முன்னால் இரண்டே வழிகள் இருந்தன. உண்மையைச் சொன்னால் ஸ்வெட்டர் தங்கும், கணவரின் பெருமை போகும். சொல்லாமல் கொடுத்துவிட்டால் பெருமை தங்கும், ஸ்வெட்டர் போகும். அதுவும், எந்த ஆட்டுக்கும் ஒரு உபகாரமும் இல்லாமல் போகும். இப்படியே அடித்தட்டில் வைத்திருக்கலாம்தான். ஆனால் கொள்கையைத் தனக்காக வளைத்து வைத்திருக்கிறாள் என்று தினம் நினைத்துக்கொண்டே அந்த மனிதர் டீ குடிப்பார்.

செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் கறையக்கா இஸ்திரி போடுபவரிடம் பட்டும்படாமல் கேட்டார்.

“ஒரு விஷயம் உனக்குத் தெரியும்னு வை. சொன்னா ஒருத்தர் மனசு உடையும். சொல்லாட்டி ஒரு பொருள் கைய விட்டுப் போயிடும்.”

“பொருள் எவ்வளவு பெருசு அக்கா?”

“முப்பத்தெட்டு சைஸ்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். “எனக்கு முடி கொட்டுறது என் பொண்டாட்டிக்குத் தெரியும். வாய் திறந்து சொல்ல மாட்டா. வருஷா வருஷம் ஒரு தொப்பி வாங்கிக் குடுப்பா. கண்ணாடியில எனக்கும்தான் தெரியுது. இதுல யார் மனசும் உடையல. வீட்டுல தொப்பி வைக்க இடம்தான் இல்ல.”

“அப்ப சொல்லச் சொல்றியா, வேண்டாங்கறியா?”

“நான் சட்டைக்குத்தான் மடிப்பு வைப்பேன் அக்கா. இதெல்லாம் எனக்குத் தெரியாது.”

வியாழக்கிழமை மாலை கறையக்கா வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பதிலாக வேறொருவர் முடிவு செய்திருந்தார். கொடுக்க வேண்டியவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்திருந்தார்கள். முதியோர் விடுதியின் வண்டி சனிக்கிழமை வந்து எடுத்துப் போகும். பெட்டியின் மேல்மட்டத்தில் நீல ஸ்வெட்டர் இருந்தது. மடிக்கவில்லை, கொடியைச் சுருட்டுகிற மாதிரி இறுக்கமாகச் சுருட்டியிருந்தது. அந்த வீட்டில் அப்படிச் சுருட்டுகிறவர் ஒருவர்தான்.

“அப்பாதான் வச்சாரு” என்றாள் மகள். “‘எனக்காகத்தான் அதை வச்சுக்கிட்டுத் தவிக்கறா. அவ ஒரு நல்ல காரியம் பண்ணும்போது நான் குறுக்க நிக்கக் கூடாது’ன்னாரு.”

“வேற ஏதாவது சொன்னாரா?”

“‘சுத்தக் கம்பளி, யாரு போட்டாலும் குளிர் தாங்கும்’னாரு.”

கறையக்கா பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். 

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு. இருபத்திரண்டு வருடங்களில் அவர் காரணம் சொல்லாமல் எடுத்த முதல் விடுப்பு. ஸ்வெட்டரையும், பெட்டியிலிருந்த மகளின் கம்பளித் தொப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். வேலையிடத்து இடுக்கியும் தீப்பெட்டியும் ஏற்கெனவே கைக்குட்டையில் சுற்றித் தயாராக இருந்தன. பஸ்ஸில் ஏறி, கேட் முன் இறங்கினார்.

கேட் அறையில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு டெலிபோன், மூலையில் பச்சையும் சிவப்புமாக இரண்டு கொடிகள். கணவர் எழுந்து நின்றார்.

“என்ன, இந்த நேரத்துல?”

“சும்மாதான்.”

“கல்யாணமான நாள்லேர்ந்து நீ சும்மா எங்கயும் போனதில்ல.”

கறையக்கா ஸ்வெட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். கணவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “நாளைக்கு வண்டி வருதே. எனக்காகப் பார்க்காத. கம்பளின்னா கம்பளிதான்.”

“இது கம்பளி இல்லைங்க.”

“என்னது?”

“செயற்கை நூல். கடைக்காரர் உங்கள ஏமாத்திட்டார்.”

கணவர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். “வச்சுக்கணும்னு ஆசையா இருந்தா வச்சுக்கோயேன். யார் வேண்டாங்கறா? அதுக்குன்னு என் கம்பளியப் பிளாஸ்டிக் ஆக்காத.”

கறையக்கா எதிர்பார்க்காத இடம் இது. உண்மையைச் சொன்னால் வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தார். தன்னைப் பொய் சொல்கிறவளாக, அதுவும் அன்பினால் பொய் சொல்கிறவளாக நினைத்து அவர் சிரிப்பார் என்று நினைக்கவில்லை. வாயால் சொல்லி இனிப் பயனில்லை. கைக்குட்டையைப் பிரித்தார்.

முதலில் தொப்பியிலிருந்து ஒரு நூல். தீக்குச்சியைக் காட்டியதும் சுருண்டு எரிந்தது. அறை முழுக்க முடி கருகும் வாசனை. சாம்பலை விரலால் நசுக்கிக் காட்டினார். பொடியானது. அடுத்து ஸ்வெட்டரின் அடிப்பக்கம் உள்ளே செருகியிருந்த நூல் முனையில் ஒரு துண்டு. அது எரியவில்லை, உருகியது. கரும்புகையோடு சொட்டி, மேசைமேல் கிடந்த ஒரு டப்பா மூடியில் ஒரு கறுப்பு மணியாக உட்கார்ந்தது.

கணவர் குனிந்து அந்த மணியை நகத்தால் தட்டினார். டக் என்றது.

அதே நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. சரக்கு ரயில். அவர் எடுத்துக் கேட்டு, நேரத்தைத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதினார். எழுத்து கோணவில்லை. வெளியே போய்க் கேட்டை இறக்கினார். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் போல முதுகை நிமிர்த்தி நின்றார்.

கறையக்காவுக்கு ஜன்னல் வழியே அந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. ரயில் முடியவே இல்லை. நிலக்கரிப் பெட்டிகள், எண்ணெய்ப் பெட்டிகள், காலிப் பெட்டிகள். மேசையிலிருந்த டம்ளர் கிடுகிடுத்தது. வந்தது தப்போ என்று அவருக்குத் தோன்றியது. ஸ்வெட்டர் பெட்டியிலேயே இருந்திருந்தால், நாளைக்கு யாரோ ஒரு முதியவருக்குப் போயிருக்கும்; இந்த மனிதர் இன்றைக்கும் சந்தோஷமாக ரயில் விட்டிருப்பார்.

கேட் தூக்கியாயிற்று. வண்டிகள் போயாயிற்று. கணவர் உள்ளே வந்து கொடியைச் சுருட்டினார்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“நீங்க போட்டுவிட்டீங்களே, அன்னைக்கு.”

“அன்னைக்கேவா?”

“தொட்டவுடனே.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “எல்லார்கிட்டயும் சொன்னேனே. உங்க முதலாளிகிட்டகூடச் சொன்னேன். அவர் தொட்டுப் பார்த்து நல்ல கம்பளின்னாரே.”

“அவருக்கும் தெரியும்.”

“அவருக்குமா?” அந்தக் கறுப்பு மணியை மறுபடி நகத்தால் தட்டினார். “ஊரே சேர்ந்து என்னைக் காப்பாத்தியிருக்கு.”

“கோவமா?”

கணவர் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “நீ இதைத் தனியா, பச்சைத் தண்ணில, கையால அலசுவியே. துண்டுல வச்சு ஒத்தி எடுப்பியே. தொங்கப் போட்டா இழுத்துக்கும்னு தரையில விரிச்சுக் காயவைப்பியே.”

“ஆமா.”

“இந்த நூலுக்கு அதெல்லாம் வேணுமா?”

“வேண்டாம். எந்திரத்துல போட்டிருக்கலாம்.”

“பின்ன எதுக்கு? அத்தனை வருஷம்?”

“நீங்க பக்கத்துல வந்து உக்காந்து பார்த்துட்டு இருப்பீங்க” என்றார் கறையக்கா. “பாத்துட்டு, ‘மெதுவா, மெதுவா’ன்னு வேற சொல்லுவீங்க.”

கணவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள இப்போது ரயில் எதுவும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

“என்னை மண்டுன்னு நெனச்சிருப்ப.”

“கடைக்காரரைத்தான் திட்டினேன். உங்க பின்னலை நான் ஒரு குறையும் சொல்லல, மனசுக்குள்ளகூட.”

“ஒண்ணுகூடவா?”

கறையக்கா தயங்கினார். பொய்யைக் கலைக்கத்தானே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது. “இடது கை. ரெண்டு விரல் நீளம்.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“முடிச்ச அன்னைக்கே அளந்து பார்த்தேன். பிரிச்சுப் பின்ன மனசு வரல. அந்த வாத்தியாரம்மா வேற முதல்லேர்ந்துன்னுவா. நீ கண்டுபிடிக்கல, தப்பிச்சோம்னு நெனச்சேன்.”

“போடறப்பல்லாம் அதை மடிச்சுத்தானே விட்டுக்கறேன்.”

“அது ஏதோ ஸ்டைலுன்னு நெனச்சேன்.”

முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. சிரிப்பு நின்றதும் கறையக்காவுக்கு இருமல் வந்தது. கதவு வழியே காற்று குளிராக வந்துகொண்டிருந்தது. கணவர் ஸ்வெட்டரை எடுத்து உதறினார்.

“போட்டுக்கோ. எந்த ஆடும் வந்து கேட்காது.”

கறையக்கா போட்டுக்கொண்டார். இடது கையை மடிக்கப் போனவர், மடிக்காமல் விட்டார். டெலிபோன் மறுபடி அடித்தது. பயணிகள் ரயில். கணவர் வெளியே போய்க் கேட்டை இறக்கினார். கறையக்கா அறை வாசலில் வந்து நின்றார். முன்வரிசையில் ஸ்கூட்டரோடு காத்திருந்த பெண் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்ல கலரா இருக்கே. எங்க வாங்கினீங்க?”

கறையக்கா வாயைத் திறக்குமுன் கேட் பக்கமிருந்து பதில் வந்தது. “வாங்கினது இல்லைங்க. நான் பின்னினது.”

“நீங்களா?” அந்தப் பெண் கேட் கீப்பரைப் புதிதாகப் பார்த்தார். “கம்பளியா?”

கணவர் ஒருமுறை மனைவி பக்கம் பார்த்தார்.

“இல்லைங்க, செயற்கை நூல்” என்றார். “கம்பளின்னு சொல்லி வித்துட்டாங்க. ஆனா நாலு மாசம், கண்ணி கண்ணியா நானே போட்டது.” ரயில் சத்தம் நெருங்கிவிட்டது. அவர் திரும்பிப் பச்சைக் கொடியைப் பிரித்தார்.